எஃப்.சி.க்கு முந்தின ராத்திரி

மன்னார்குடிக்கும் கோட்டூருக்கும் நடுவில்
மலை இல்லை, மணல்மேடும் இல்லை.
ஏற்றம் என்றால் ஒரு மதகு,
இறக்கம் அதே மதகின் மறுபக்கம்.
ஆனாலும் என் ஆல்ட்டோ
ஒன்றரை அங்குலம் உயர்ந்து நின்றது,
எங்கிருந்தோ கொடி அசைத்தால் பாய்ந்துவிடும் போல.

ஸ்பிரிங், சீட்டு எடுத்த பணத்தில்.
அடித்தகடு, கதிர் அறுக்கும் மிஷினிலிருந்து கழற்றிப் போட்டது;
ஜெகபர் சாதிக் தன் பட்டறையில்
மூன்று நாள் தட்டி வளைத்தான்.
சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சிவப்பு
களத்துத் தார்ப்பாயில் வெட்டியது.
என்ஜின் மூச்சுவிடக் கூரைவரை ஒரு போர்வெல் பைப்.
முன்னால் நாலு மஞ்சள் லைட்டு.
அதில் ஒன்று, எவ்வளவு முடுக்கினாலும்,
வானத்தைத்தான் பார்க்கும்.

வாரத்தில் ஆறு நாள் இந்த வீரன்
கூட்டுறவு சங்கத்துக்கு என்னைச் சுமப்பான்.
பின்சீட்டில் பயிர்க்கடன் மனுக்கள்,
திரும்புகையில் சிலிண்டர், தவிட்டு மூட்டை,
டியூஷன் விட்ட பிள்ளைகள் இரண்டு.

ஞாயிறு விடிகாலை மட்டும்
பாமணி ஆற்றுக் கரையில் ஐந்து வண்டி கூடும்.
ஒரு ஜென், ஒரு ஆம்னி, துருப்பிடித்த எண்ணூறு இரண்டு.
என் பக்கத்தில் அமலோற்பவம்,
மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதியதை
உரக்கப் படிப்பாள்:

நூறு. இடது மூணு. மதகு, தூக்கும்.
ஐம்பது. வலது இறுக்கம். புளியமரம், நம்பாதே.
இருநூறு நேர். நெல் காயுது, பாதி ரோடு.
இடது ரெண்டு. வாத்து.
வாத்து.
இன்னும் வாத்து.

எங்கள் உச்ச வேகம்
முன்னால் போகும் வைக்கோல் டிராக்டர்
எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு.

வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது.
வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும்,
கம்பெனியில் பிறந்த கோலத்தில்.
புதன் ராத்திரி எல்லாரும் வந்தார்கள்.
தில்லைவனம் கடைசி டிரிப் முடித்த காக்கியோடு,
சாதிக் கூத்தாநல்லூரிலிருந்து ஸ்பேனர் பையோடு.
கொசுவர்த்தி நாலு மூலையில்.
யாரும் அதிகம் பேசவில்லை.
கழன்ற நட்டெல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டிலில்.
பழைய ஸ்பிரிங்கை என் பரணில் தேடி எடுத்தோம்,
இலவச மிக்சி டப்பாவுக்குப் பின்னால்.

இரண்டரை மணிக்கு
மொட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றது வண்டி.
காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

பைப்பு அமலோற்பவம் வீட்டு மாடிப்படியில் படுத்தது.
தகடு சாதிக்கோடு பைக்கில் போனது,
வழியெல்லாம் நாய்களை எழுப்பிக்கொண்டு.
லைட்டு நாலும் தில்லைவனத்தின் கட்டிலடியில்.
ஐந்து ஊரில் பிரிந்து தூங்கியது என் வண்டி.
நான்தான் தூங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து
பம்பரில் விரலை விட்டுப் பார்த்தார்.
“இது என்னம்மா?”
“ஓட்டை சார்.”
“அது தெரியுது.”
இன்னும் மூன்று ஓட்டைகளை எண்ணினார்.
பிறகு என்ன நினைத்தாரோ,
கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் தனியாக நானே சொல்லிக்கொண்டேன்:
நூறு. இடது மூணு. மதகு.
தூக்கவில்லை.
அடிவயிறு உரசியது. பல் கூசியது.
இந்த ரோட்டில் இத்தனை பள்ளமா என்று
முதல்முறையாக முதுகு கேட்டது.

ஞாயிறு எல்லாம் திரும்பி வந்தது,
ஒரு நட்டும் ஒரு லைட்டும் தவிர.
நட்டு யார் கணக்கிலும் இல்லை.
லைட்டைப் பற்றித் தில்லைவனம்
தரையைப் பார்த்துச் சொன்னான்:
வெள்ளி ராத்திரி கரண்டு இல்லை,
பசு கன்று போட்டது, காலில் சிக்கல்,
பழைய பஸ் பேட்டரியில் இதை மாட்டித்தான்
டாக்டர் கைவிட்டு எடுத்தார்.
இப்போது கழற்ற வந்தால்
அவன் மனைவி முறைக்கிறாள்.

எது என்று கேட்டேன்.
வானம் பார்க்கிறதே, அது.

காலி ஓட்டைக்கு ஒரு டப்பா மூடியை ஒட்டினான் சாதிக்.
அமலோற்பவம் பில்லைத் திருப்பி
இரண்டு வரிக்கு நடுவில் நுணுக்கி எழுதினாள்:

எண்பது. இடது நாலு. தில்லைவனம் கொட்டகை.
மஞ்சள் வெளிச்சம். ஹாரன் வேண்டாம்.